கட்-ஆஃப் 15-லிருந்து 47-க்கு: நெதர்லாந்தின் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் முதல் ஆண்டில் எடுத்த முடிவும் அதன் விலையும்

2014-ஆம் ஆண்டின் நடுவில் நெதர்லாந்து ஒரே ஒரு எண்ணை, ‘கட்-ஆஃப்’ எனப்படும் எல்லை எண்ணை, மாற்றியது. ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தாலே ‘பாசிட்டிவ்’ என்று ஜனவரியிலிருந்து சொல்லிவந்த ஆய்வகங்கள், 47 மைக்ரோகிராம் இருந்தால்தான் பாசிட்டிவ் என்று சொல்லத் தொடங்கின. கருவி அதேதான், குழாயும் அதேதான். ஆனால் பிப்ரவரியில் கொலனோஸ்கோபிக்கு (குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பப்பட்டிருக்கக்கூடிய ஒருவருக்கு, அதே அளவு ரத்தத்துக்கு, அக்டோபரில் ‘மேற்கொண்டு எதுவும் தேவையில்லை’ என்று கடிதம் போனது.

ஒரு நாடு முழுவதற்குமான பரிசோதனைத் திட்டத்தில் இப்படி நடுவழியில் எண்ணை மாற்றினால், அவசரத்தில் செய்த சமரசம் என்றுதான் முதலில் தோன்றும். சமரசம்தான். ஆனால் கணக்குப் போட்டுச் செய்த சமரசம். அதைவிட முக்கியமாக, ஒரே நாடு, ஒரே கருவி, இரண்டு கட்-ஆஃப், பின்தொடர நாடு தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு என்று எல்லாம் ஒன்றுசேர்ந்ததால் அந்த முடிவின் விலை என்ன என்பதைப் பின்னால் எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. மற்ற நாடுகளிலும் கட்-ஆஃப் இப்படித்தான் தீர்மானமாகிறது. விலை இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

திட்டம் உருவான விதம்

1.7 கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய், சுமார் 5,000 மரணங்கள். இதுதான் தொடக்க நிலை. 2009 நவம்பரில் நெதர்லாந்து சுகாதாரக் கவுன்சில் 55 முதல் 75 வயது வரை உள்ள எல்லோருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 2011-ல் சுகாதார அமைச்சர் எடித் ஸ்கிப்பர்ஸ் ஒப்புதல் தந்தார். ஒப்புதலுக்கும் முதல் கடிதத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் நடந்த வேலையில் பெரும்பகுதி மலப் பரிசோதனையைப் பற்றியதே அல்ல. கொலனோஸ்கோபி செய்யும் இடங்களைத் தணிக்கை செய்வது, செய்பவர்களுக்குத் தகுதிச் சான்று தருவது, ஆய்வகம், நோய்க்கூறியல் துறை, மருத்துவமனை எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்பில் கோர்ப்பது ஆகியவைதான். நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனமான ஆர்ஐவிஎம் தலைமை தாங்கியது. களத்தில் ஐந்து வட்டாரப் பரிசோதனை அமைப்புகள் நடத்தின.

நேரடியாகக் கொலனோஸ்கோபியே செய்யாமல் ஏன் மலப் பரிசோதனை? ராட்டர்டாம் பகுதியில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. மலத்தில் ரத்தம் இருந்தால் நீலமாகும் பழைய குவாயக் அட்டை, ‘ஃபிட்’ எனப்படும் நோய் எதிர்ப்புப்பொருள் சார்ந்த மலப் பரிசோதனை, பெருங்குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் உள்நோக்கும் சிக்மாய்டோஸ்கோபி ஆகிய மூன்றையும் வேறு வேறு குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குவாயக் அட்டைக்கு சுமார் 50 விழுக்காட்டினர் வந்தார்கள், ஃபிட்டுக்கு சுமார் 62, சிக்மாய்டோஸ்கோபிக்கு வெறும் 32. ஆள் ஒருவருக்கு அதிகம் கண்டுபிடிப்பது குழாய் விட்டுப் பார்ப்பதுதான், சந்தேகமில்லை. ஆனால் வராதவர் வயிற்றில் எந்தக் குழாயும் எதையும் கண்டுபிடிக்காது. ஸ்பெயினில் நடந்த கொலன்பிரெவ் ஆய்வின் பத்தாண்டு முடிவு 2025-ல் வந்தபோதும் இதே கதைதான்: ஃபிட்டுக்கு அழைத்த குழுவில் பங்கேற்பு 40 விழுக்காடு, கொலனோஸ்கோபிக்கு அழைத்த குழுவில் 32, பெருங்குடல் புற்றுநோய் மரணத்தில் ஃபிட் பின்தங்கவில்லை.

குவாயக்கை விட்டு ஃபிட்டுக்குப் போனதற்குக் காரணம் வேதியியல். குவாயக் அட்டை, ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியான ஹீமின் பெராக்சிடேஸ் வினையைத்தான் பார்க்கிறது. தின்ற இறைச்சியின் ரத்தமும் அதற்கு ரத்தமே. ஃபிட், ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினை, அதுவும் மனித குளோபினை மட்டும் பிடிக்கும். உணவுக் கட்டுப்பாடு வேண்டாம், மூன்று நாள் மாதிரி வேண்டாம், ஒன்று போதும். இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் செரித்துப் போய்விடும் என்பதால் பெருங்குடல் கசிவையே பெரும்பாலும் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஓர் எண்ணைத் தருகிறது. குவாயக் அட்டையில் நீலம் வந்ததா இல்லையா என்பதோடு முடிந்தது. ஃபிட்டில் கட்-ஆஃப் எங்கே என்பதைத் திட்டத்தை நடத்துபவர்தான் தீர்மானிக்க வேண்டும். வசதியும் தலைவலியும் அதுவேதான்.

வீட்டுக்கு வரும் உறை

நகராட்சி மக்கள் பதிவேட்டிலிருந்து பெயரும் முகவரியும் எடுக்கப்படும். மருத்துவர் சீட்டு எதுவும் தேவையில்லை. முதல் முறை அழைக்கப்படுபவருக்குச் சில வாரங்கள் முன்னதாக ஒரு முன்னறிவிப்புக் கடிதம் வரும். அதன் பிறகு அழைப்புக் கடிதம், விளக்கக் கையேடு, பரிசோதனைக் குழாய், அஞ்சல்தலை தேவையில்லாத திருப்பி அனுப்பும் உறை. பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். முன்னறிவிப்புக் கடிதம் வீண் செலவு என்று நினைக்கத் தோன்றும். நெதர்லாந்திலேயே நடந்த சோதனையில் அந்த ஒரு கடிதம் பங்கேற்பை 61-லிருந்து 64 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. லட்சக்கணக்கான கடிதங்கள் போகும் திட்டத்தில் மூன்று விழுக்காடு என்பது சின்னது அல்ல.

குழாயின் மூடியோடு ஒட்டிய மெல்லிய குச்சியின் நுனியில் வரிப்பள்ளங்கள் இருக்கும். மலம் தண்ணீரில் விழாதபடி தாளில் ஏந்தி, குச்சியை மூன்று நான்கு இடங்களில் குத்தி எடுத்து, குழாய்க்குள் திரும்பச் செருக வேண்டும். குழாயின் கழுத்து அதிகப்படியை வழித்துவிடும். பள்ளங்களில் தங்கும் சுமார் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும். உள்ளே 1.7 மில்லிலிட்டர் பாதுகாப்புக் கரைசல்.

இந்தச் சின்ன வேலையில் தவறக்கூடியவை சில. தவறான பக்கத்து மூடியைத் திறந்து கரைசலைக் கொட்டிவிடுவது. ‘கொஞ்சம் நிறைய இருக்கட்டும்’ என்று குச்சியால் அள்ளிப் போட்டுக் கரைசலைக் குழம்பாக்குவது. மாதிரி எடுத்த தேதியை எழுதாமல் விடுவது. தேதி இல்லையென்றால் மாதிரி எத்தனை நாள் பழையது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் குழாய் வந்திருந்தால் மாறிப் போவதும் உண்டு. பட்டைக்குறி ஆளோடு பிணைந்தது என்பதால், மாறினால் ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் கொலனோஸ்கோபிக்குப் போவார்.

வெயிலும் ஒரு காரணி. ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் திட்டத்தில் கோடைக்காலத்தில் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு குளிர்காலத்தைவிட 17 விழுக்காடு குறைந்தது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏற ஏற 0.7 விழுக்காடு வீதம் குறைந்தது. நெதர்லாந்தின் தட்பவெப்பத்தில் இது சமாளிக்கக்கூடியது. மே மாதத்து மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அஞ்சல் பெட்டிக்குள் இரண்டு நாள் கிடக்கும் குழாய்க்கு இதே முறையை அப்படியே பெயர்க்க முடியாது.

எண்ணுக்கு இரண்டு அலகு

ஆய்வகத்தில் குழாயிலிருந்து எடுத்த திரவத்தோடு, மனித ஹீமோகுளோபினுக்கான எதிர்ப்புப்பொருள் பூசிய லேடெக்ஸ் துகள்கள் சேர்க்கப்படும். ரத்தம் இருந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கலங்கும். கலங்கலின் அளவை இயந்திரம் ஒளியால் அளக்கும். இயந்திரம் சொல்வது கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை நானோகிராம் என்பதை. கட்-ஆஃப் பேசப்படுவதோ ஒரு கிராம் மலத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று. நெதர்லாந்து தேர்ந்தெடுத்த ‘ஃபோப்-கோல்டு’ குழாயில் 10 மில்லிகிராம் மலம் 1.7 மில்லிலிட்டரில் கரைவதால், நானோகிராம் எண்ணை 0.17-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம் எண் வரும். 88 நானோகிராம் என்பது 15 மைக்ரோகிராம். 275 நானோகிராம் என்பது 47. வட்ட எண்ணாக இல்லாத அந்த விசித்திரமான 47 இப்படித்தான் வந்தது.

வேறு கம்பெனியின் ‘ஓசி-சென்சார்’ குழாயில் பெருக்கும் எண் 0.2, அங்கே 75 நானோகிராம்தான் 15 மைக்ரோகிராம். ஆகவே நானோகிராம் எண்ணை வைத்து இரு திட்டங்களை ஒப்பிடுவது தவறு. மைக்ரோகிராமுக்கு மாற்றிய பின்னும் முழு நம்பிக்கை வைக்க முடியாது: ஒரே மைக்ரோகிராம் அளவில் இரு கருவிகளும் வேறு வேறு பாசிட்டிவ் விகிதம் தருவதை நெதர்லாந்தில் நடந்த நேரடி ஒப்பீடு பின்னால் காட்டியது. டெண்டரில் கருவி மாறினால் கட்-ஆஃபையும் புதிதாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

முதல் மாதங்கள்

எல்லோரையும் ஒரே ஆண்டில் அழைக்கவில்லை. 2014-ல் 1938, 1939, 1947, 1949, 1951 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் கடிதம். மற்ற வயதினரை 2019-க்குள் படிப்படியாகச் சேர்ப்பது என்பது திட்டம். மூத்தவர்களில் தொடங்கியதற்கு நியாயம் இருக்கிறது. 76 வயதுக்காரரை இந்த ஆண்டு அழைக்காவிட்டால் பிறகு அழைக்கவே முடியாது. ஆனால் வயது கூடக்கூட மலத்தில் ரத்தமும் கூடும், குடலின் உட்சுவரில் முளைக்கும் சதைத் திரட்சியான பாலிப்பும் கூடும்.

முன்மதிப்பீடு என்ன சொன்னது? அழைக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினர் பங்கேற்பார்கள், அவர்களில் 6.4 விழுக்காட்டினர் பாசிட்டிவ் ஆவார்கள். ஆயிரம் குழாய் அனுப்பினால் 600 திரும்பும், 38 பேர் பாசிட்டிவ். நடந்ததோ வேறு. பங்கேற்பு 70 விழுக்காட்டைத் தொட்டது. 15 மைக்ரோகிராம் கட்-ஆஃபில் பாசிட்டிவ் 10.6 விழுக்காடு. ஆயிரம் குழாய்க்கு 700-க்கு மேல் திரும்பி, 75 பேர் அளவுக்குப் பாசிட்டிவ். எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இரண்டு பிழைகள் ஒன்றையொன்று கூட்டவில்லை, பெருக்கின என்பதைக் கவனிக்க வேண்டும். பங்கேற்பு மட்டும் கூடியிருந்தால் ஆயிரத்துக்கு 45. பாசிட்டிவ் மட்டும் கூடியிருந்தால் 64. இரண்டும் சேர்ந்ததால் 75. கொள்ளளவைத் திட்டமிடும்போது ஒவ்வொரு அனுமானத்துக்கும் தனித்தனியே பத்து இருபது விழுக்காடு இடைவெளி விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூடுதலாக வந்த பாசிட்டிவ்களில் பயனும் அந்த அளவுக்கு இல்லை. 15 கட்-ஆஃபில் கொலனோஸ்கோபிக்கு வந்த நூறு பேரில் சுமார் 42 பேருக்குத்தான் புற்றுநோயோ, முற்றிய அடினோமாவோ (புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ள பாலிப்) இருந்தது. மீதி 58 பேர் இரண்டு மூன்று லிட்டர் பேதிக் கரைசலைக் குடித்து, ஒரு நாள் வேலையை விட்டு, குழாய்ச் சோதனைக்கு உள்ளாகி, அந்த அளவுக்குத் தேவையில்லாத ஒன்றைச் செய்துகொண்டவர்கள்.

இதையெல்லாம் ஆண்டு முடிந்து அறிக்கை எழுதும்போது கண்டுபிடிக்கவில்லை. ஆய்வக எண், கொலனோஸ்கோபி முடிவு, நோய்க்கூறியல் அறிக்கை மூன்றும் ஒரே தகவல் அமைப்பில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டிருந்ததால், சில மாதங்களிலேயே போக்கு தெரிந்துவிட்டது. இந்த நிகழ்வில் உண்மையில் பாராட்ட வேண்டியது இதைத்தான். எண்ணை மாற்றும் துணிச்சலைவிட, மாற்ற வேண்டும் என்று ஐந்தாவது ஆறாவது மாதத்திலேயே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அரிது.

கையில் இருந்த வழிகள்

கொலனோஸ்கோபி இடம் போதவில்லை என்றால் வழிகள் சிலதான். காத்திருப்பை நீளவிடலாம். அழைப்பைக் குறைக்கலாம். செய்பவர்களைக் கூட்டலாம். கட்-ஆஃபை உயர்த்தலாம்.

காத்திருப்பு சில வாரம் நீண்டால் உடலுக்கு ஆபத்து பெரிதல்ல. அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பின் தரவில், பாசிட்டிவ் ஆன பத்து மாதங்களுக்கு மேல் தள்ளிப்போனவர்களிடம்தான் புற்றுநோயும் முற்றிய நிலையும் கூடியிருந்தன. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் அறிகுறியோடு வந்த நோயாளிகளும் உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறவர், காரணம் தெரியாத ரத்தசோகைக்காரர் ஆகியோர் அதே கொலனோஸ்கோபி அறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களை அழைத்து வந்து நோயாளிகளைப் பின்னுக்குத் தள்ளினால், திட்டம் தன் கணக்கில் வராத இடத்தில் கெடுதல் செய்கிறது. செய்பவர்களைக் கூட்டுவதோ ஆண்டுக்கணக்கான வேலை.

மிஞ்சியது அழைப்பைக் குறைப்பதா, கட்-ஆஃபை உயர்த்துவதா என்ற கேள்வி. இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 47 கட்-ஆஃபில் பாசிட்டிவ் 6.7 விழுக்காடாக இறங்கியது. பங்கேற்கும் 10,000 பேரில் பாசிட்டிவ் 1,060-லிருந்து 670 ஆகிறது. 390 கொலனோஸ்கோபி மிச்சம். அந்த 390 இடத்தை வைத்து, புதிய கட்-ஆஃபில் இன்னும் 5,800 பேருக்குப் பரிசோதனை நடத்தலாம். கொலனோஸ்கோபிக்குப் போகும் பாசிட்டிவ்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொண்டால், அந்த 5,800 பேரிடம் இருபத்தைந்துக்கு மேல் புற்றுநோய்கள் வெளிவரும். சிலரைக் கூர்மையான வலையால் அலசுவதைவிட, நிறையப் பேரைச் சற்றே பெரிய கண்ணுள்ள வலையால் அலசுவது மேல். வலையிலிருந்து எத்தனை நழுவின என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

நழுவியவை

நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பிய பிறகு, அடுத்த சுற்று வருவதற்குள் வெளிப்படும் புற்றுநோய்க்கு இடைக்காலப் புற்றுநோய் என்று பெயர். நெதர்லாந்துப் புற்றுநோய்ப் பதிவேட்டையும் திட்டத்தின் தரவையும் இணைத்து, முதல் சுற்றில் நெகட்டிவ் ஆனவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. 15 கட்-ஆஃபில் நெகட்டிவ் ஆன 10,000 பேரில் 9.5 பேருக்கு இடைக்காலப் புற்றுநோய். 47 கட்-ஆஃபில் 13.8 பேருக்கு. பரிசோதனையின் கண்டறியும் திறன் 90.5 விழுக்காட்டிலிருந்து 82.9-ஆகக் குறைந்தது.

பத்தாயிரத்துக்கு நான்கு பேர். மேலே பார்த்த 390 கொலனோஸ்கோபி மிச்சத்தோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு இடைக்காலப் புற்றுநோயைத் தவிர்க்க ஏறக்குறைய 90 கொலனோஸ்கோபி கூடுதலாகச் செய்ய வேண்டியிருந்திருக்கும். இந்த விகிதம் மோசமானது என்று சொல்ல முடியாது. இடம் இருந்தால் செய்யத் தகுந்ததுதான். இடம் இல்லாதபோது, அழைக்கப்படாமலே காத்திருக்கும் வயதினரை வைத்துப் பார்த்தால், கட்-ஆஃபை உயர்த்தியது சரி. கொலனோஸ்கோபிக்குப் போனவர்களில் முற்றிய அடினோமாவோ புற்றுநோயோ இருந்தவர்களின் பங்கும் 42-லிருந்து சுமார் 49 விழுக்காட்டுக்கு ஏறியது.

ஆனால் சரியான முடிவு எப்போதும் சரியாகவே இருந்துவிடாது. நெருக்கடிக்காக உயர்த்திய எண் நெருக்கடி தீர்ந்த பிறகும் 47-லேயே நின்றுவிட்டது. இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் ஏற்கெனவே பாலிப் நீக்கப்பட்டவர்கள் வெளியேறிவிடுவதால் பாசிட்டிவ் விகிதம் தானாகவே இறங்கும். அப்போது இடம் விடுபடும். அந்த இடத்தைக் கட்-ஆஃபைத் தளர்த்தப் பயன்படுத்துவதா என்ற கேள்வி இன்னும் உரக்கக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

மற்ற நாடுகளின் எண்களைப் பார்த்தால் கட்-ஆஃப் என்பது எவ்வளவு தூரம் ஒரு கொள்ளளவு முடிவு என்பது புரியும். தைவான் 2004-ல் 20 மைக்ரோகிராமில் தொடங்கியது. ஸ்காட்லாந்து 2017-ல் 80. இங்கிலாந்து 2019-ல் 120. மூன்று நாட்டு மக்களின் குடலும் ஒன்றுதான். கொலனோஸ்கோபி அறைகளின் எண்ணிக்கைதான் வேறு.

பாசிட்டிவ் ஆனவர் போகும் வழி

நெதர்லாந்தில் பாசிட்டிவ் கடிதத்திலேயே முன்சந்திப்புக்கான நாளும் நேரமும் மருத்துவமனையும் அச்சிடப்பட்டிருக்கும். ‘உங்கள் மருத்துவரைப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டுக் கைகழுவுவதில்லை. பாசிட்டிவ் ஆனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வந்ததற்கு இந்த ஏற்பாடும் காரணம். பல நாடுகளில் பரிசோதனைத் திட்டங்கள் உடையும் இடம் இதுதான்: குழாய் வாங்கக் காசு ஒதுக்குவார்கள், பாசிட்டிவ் ஆனவரைக் கொலனோஸ்கோபி மேசை வரை கொண்டுபோக ஆள் ஒதுக்க மாட்டார்கள். கொலனோஸ்கோபிக்குப் போகாத பாசிட்டிவ், பரிசோதனை செய்யாததைவிடக் கேடு. கவலை மட்டும் மிச்சம்.

வராமல் நிற்பவர்கள் சொல்லும் காரணம் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்: ‘எனக்கு மூலம் இருக்கிறது, அதுதான் ரத்தம்.’ மூலம் இருப்பதாலேயே பாலிப் இல்லாமல் போய்விடாது. இன்னொரு தவறு, பாசிட்டிவ் வந்ததும் ‘எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மறுபடி ஃபிட் செய்வது. புற்றுநோயும் பாலிப்பும் விட்டுவிட்டுத்தான் கசியும். இரண்டாவது நெகட்டிவ், முதல் பாசிட்டிவை ரத்து செய்யாது. சில மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்சந்திப்பில் பார்க்க வேண்டியவை: ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மருந்து, இதய நுரையீரல் நிலை, மயக்க மருந்து தேவையா என்பது, அண்மையில் முழுக் கொலனோஸ்கோபி செய்திருக்கிறாரா என்பது. பேதிக் கரைசலைப் பாதி முந்தின நாள் மாலையும், மீதியைச் சோதனைக்கு ஐந்து மணி நேரம் முன்பாகவும் குடிக்கச் சொல்வார்கள். முழுவதையும் முந்தின இரவே குடித்தால், காலைக்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் திரவம் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படலமாகப் படிந்துவிடும். தட்டையான பாலிப்புகள் ஒளிந்துகொள்வதும் அதே வலப்பக்கத்தில்தான். அவை அதிகம் கசிவதும் இல்லை, ஆகவே ஃபிட்டும் அவற்றை எளிதில் விட்டுவிடும். இரண்டு வலையிலும் ஓட்டை ஒரே இடத்தில் இருப்பதால், காலையில் குடிக்கும் அந்த இரண்டாம் பாதி சடங்கு அல்ல.

குடல் சுத்தத்தை பாஸ்டன் அளவுகோலில் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 வர வேண்டும். கூட்டி 6 வந்துவிட்டது என்று 3, 2, 1-ஐ ஏற்க முடியாது. குழாய் குடல்முளை தொடங்கும் சீக்கம் வரை போனதற்குப் படம் வேண்டும். திரும்ப எடுக்கும்போது, பாலிப் நீக்கும் நேரம் தவிர்த்துக் குறைந்தது ஆறு நிமிடம்.

செய்பவரின் திறமையை அளக்கப் பயன்படுவது அடினோமா கண்டறியும் விகிதம், அதாவது அவர் சோதித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினரிடம் அடினோமா கிடைத்தது என்பது. போலந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு, இந்த விகிதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் சோதனை செய்துகொண்டவர்களுக்கு இடைக்காலப் புற்றுநோய் பல மடங்கு வந்ததைக் காட்டியது. ஆனால் அந்த 20 என்பது ரத்தம் பார்க்காமல் நேரடியாக வருபவர்களுக்கான எண். ஃபிட் பாசிட்டிவ் ஆனவர்கள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். அவர்களிடம் பாதிப் பேருக்காவது அடினோமா கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க இரைப்பைக்குடல் சங்கங்களின் 2024 தர அளவீடு சொல்கிறது. பொது அளவுகோலை ஃபிட் பாசிட்டிவ் ஆட்களுக்குப் போட்டால், கண்ணை அரைகுறையாகத் திறந்து பார்ப்பவரும் தேறிவிடுவார்.

கொலனோஸ்கோபியில் ஒன்றும் இல்லையென்றால் பத்து ஆண்டுக்கு அழைப்பு வராது. பாலிப் நீக்கியவர் அதன் எண்ணிக்கை, அளவு, இடத்தைப் பொறுத்துக் கண்காணிப்புக்கு மாற்றப்படுவார். இந்தக் கண்காணிப்புக் கூட்டம் ஆண்டுக்காண்டு வளரும். ஐந்தாம் ஆண்டில் கொலனோஸ்கோபி இடங்களில் கணிசமான பங்கை அதுவே தின்னும். தொடக்க ஆண்டின் தேவையை மட்டும் வைத்துத் திட்டமிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு குறை வெளிப்படையாகவே இருக்கிறது. மலப் பரிசோதனை இலவசம். ஆனால் கொலனோஸ்கோபி அடிப்படை மருத்துவக் காப்பீட்டின் கீழ் வருவதால், காப்பீட்டுதாரர் முதலில் தானே ஏற்க வேண்டிய தொகை அதற்குப் பொருந்தும். 2014-ல் அது 360 யூரோ. அரசே கூப்பிட்டு, அரசே பாசிட்டிவ் என்று சொல்லி, பிறகு பில்லை நீட்டுவது வசதி குறைந்தவர்களைத்தான் தடுக்கும்.

பத்தாண்டில் தெரிந்தது

பரிசோதனை தொடங்கியதும் நோய் கூடும், பிறகுதான் குறையும். ஒளிந்திருந்தவை முதலில் வெளியே வரும். 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 2013-ல் 214 ஆக இருந்த பெருங்குடல் புற்றுநோய் 2015-ல் 259 ஆனது, 2019-ல் 181.5 ஆக, தொடக்கத்தைவிடக் கீழே இறங்கியது. 2015-ல் நிறுத்திப் பார்த்தவர் ‘பரிசோதனையால் புற்றுநோய் கூடிவிட்டது’ என்று தலைப்புப் போட்டிருக்கலாம். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது லட்சத்துக்கு 117-லிருந்து 2018-ல் 94.7 ஆனது. இதுதான் முதலில் பார்க்க வேண்டிய எண். ஆரம்ப நிலை நோய்கள் பெருகுவதால் மட்டும் விகிதம் அழகாகத் தெரியலாம், முற்றிய நோயின் எண்ணிக்கை குறைந்தால்தான் திட்டம் வேலை செய்கிறது. மரணம் 2010-ல் லட்சத்துக்கு 87.5, 2019-ல் 64.8. ஆனால் இந்த இறக்கம் திட்டத்துக்கு முன்பே தொடங்கியது, சிகிச்சை மேம்பட்டதன் பங்கும் இதில் உண்டு. முழுப் பெருமையையும் குழாய்க்குக் கொடுக்க முடியாது.

தீராத பிரச்சினைகளில் பெரியது பெண்களுடையது. ஒரே அளவு நோய்க்குப் பெண்களின் மலத்தில் ரத்தம் குறைவாகவே தெரிகிறது. ஒரே கட்-ஆஃப் வைத்தால் அவர்களிடம் அதிகம் தவறவிடுகிறோம். சுவீடன் இதற்காக ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 40 என்று வைத்திருக்கிறது. நெதர்லாந்து இருவருக்கும் 47-ஐயே வைத்தது. பெண்களுக்கு மட்டும் இறக்கினால் கண்டறியும் திறன் சமமாகும், தேவையற்ற கொலனோஸ்கோபி அவர்களுக்குக் கூடும். எதில் சமம் வேண்டும் என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று கடிதத்தில் உள்ளது. பூஜ்யம் வந்தவருக்கும் 46 வந்தவருக்கும் ஒரே வாசகம்தான் போகிறது. அடுத்த சுற்றுகளில் நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு இந்த இருவருக்கும் ஒன்றல்ல என்பது தரவிலேயே தெரிகிறது. இதை வைத்துத்தான் நெதர்லாந்தில் ‘பெர்ஃபெக்ட்-ஃபிட்’ என்ற ஆய்வு நடக்கிறது: ரத்தமே இல்லாதவரை மூன்று ஆண்டு கழித்து, 15-க்குக் கீழ் உள்ளவரை இரண்டு ஆண்டு கழித்து, 15-க்கும் 47-க்கும் இடையில் உள்ளவரை ஓர் ஆண்டிலேயே அழைத்துப் பார்க்கிறார்கள். அந்த மூன்றாவது குழு, 2014-ன் முதல் பாதியில் வந்திருந்தால் நேரே கொலனோஸ்கோபிக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.